ஈறில் ரத்தம்: கடற்கரையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையோரம் ஒரு சிறிய பல் மருத்துவமனை நடத்துகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று கடலை நம்பியிருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். சொத்தைப் பல்லைப் பற்றி யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. வலிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஈறு என்றால்தான் கேள்வி மேல் கேள்வி வரும். வலிக்காமல் கெடுகிற நோய் அது. வலிக்காத ஒன்றுக்கு ஏன் பணமும் நாளும் செலவழிக்க வேண்டும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். கேட்டவர்களின் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றி, என் பதிலையும் எழுதியிருக்கிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. பிரஷ் குத்திவிட்டதா?

புதிய பிரஷ் என்றால் ஓரிரு நாள் அப்படி நடக்கலாம். வாரக்கணக்கில் வந்தால் பிரஷ்ஷின் மேல் பழி போட முடியாது. நல்ல ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கும், துலக்கினால் கசியாது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு ஈறுகளில் கருமை படர்ந்திருக்கும். அது பிறவி நிறம், நோயல்ல. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிப் படலம் தங்கிவிட்டால்தான் ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிறது.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோருமே ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் துலக்குகிறார்கள். "பாவம், புண்ணாக இருக்கிறதே" என்ற கரிசனம். அந்தக் கரிசனத்தில்தான் படலம் அங்கே இன்னும் தடிக்கிறது. கசியும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷை வைத்து, கூடுதல் நேரம் துலக்க வேண்டும். 1965ஆம் ஆண்டு ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும், நல்ல ஈறுகள் உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியபின் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இந்தக் கணக்கை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒழுங்காகத் துலக்கி இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை என்றால், படலம் கல்லாக இறுகிக் காரை படிந்திருக்கிறது அல்லது நோய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. காய்ச்சலோடு ஈறுகளில் ரத்தம் கசிந்தால் என்னிடம் வரவேண்டாம். டெங்குவாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காரணமே தெரியாமல் ஈறுகள் வீங்கி, உடம்பில் ஆங்காங்கே ரத்தக்கட்டு தெரிந்து, சோர்வும் இருந்தால் அதற்கும் முதலில் ரத்தப் பரிசோதனைதான். அரிதாக, ரத்தப் புற்றுநோய் முதலில் வாயில்தான் தலைகாட்டும்.

பற்காரை எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர் உப்புத் தண்ணீரால்தானே?

இந்த மாவட்டத்தில் எந்த நோய்க்கும் தண்ணீரின் மேல் குற்றம் சொல்வது வழக்கம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். இதில் சரியல்ல. காரைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் நம் எச்சிலிலேயே இருக்கின்றன. காவிரித் தண்ணீர் குடிப்பவருக்கும் காரை பிடிக்கும், கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்கும் பிடிக்கும்.

விசைப்படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் வழுவழுப்பாக ஒரு பாசிப் படலம். துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் அதன்மேல் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு துணியால் துடைத்துப் பயனில்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பல்லிலும் அப்படித்தான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் நாக்குக்கு வழுவழுவென்று தெரிகிறதே, அது படலம். சில நாட்கள் துலக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள உப்புகள் அதில் இறுகிக் கல்லாகின்றன. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நாக்கை வைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் அதுதான் காரை. எச்சில் சுரப்பியின் வாய் அந்த இடத்துக்குக் கீழேயே திறப்பதால் முதலில் படிவது அங்கேதான்.

பயோரியா என்கிறார்களே, அதுவும் ஈறு வீக்கமும் ஒன்றா?

பயோரியா என்பது பழைய பெயர். சீழ் வடிதல் என்று பொருள். வெறும் ஈறு அழற்சியில் ஈறு மட்டும்தான் கெட்டிருக்கும், சுத்தம் செய்தால் முழுவதும் சரியாகும். பயோரியாவில் ஈறுக்கு அடியில் பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் கரைந்திருக்கும். கரைந்த எலும்பு, ஒரு சில இடங்களைத் தவிர, திரும்ப வளராது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு இவ்வளவுதான். ஆனால் அதைக் கண்ணாடி முன் நின்று நீங்கள் பார்த்துச் சொல்ல முடியாது.

நாங்கள் பார்ப்பதற்கு ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, மில்லிமீட்டர் கோடு போட்டது, நுனி மழுங்கியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எத்தனை கோடு உள்ளே போகிறது என்று பார்ப்போம். ஒரு பல்லுக்கு ஆறு இடம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் அட்டையில் குறித்துக்கொள்வார். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருக்கும். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று ஆறு, ஏழு என்பேன். அந்த நொடியில் கண் திறக்காதவரை நான் பார்த்ததில்லை. என்னவென்று தெரியாமலேயே அந்த எண் சரியில்லை என்பது புரிந்துவிடும். மூன்று வரை நல்லது. நான்கு, ஐந்து என்றால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பைபோல் ஒரு பள்ளம் உண்டாகிவிட்டது; அதைப் பை என்போம். ஆறும் அதற்கு மேலும் என்றால் பிரஷ் அங்கே எட்டவே எட்டாது. பிறகு எக்ஸ்ரே எடுத்து எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வோம்.

வலியே இல்லையே, பிறகு எதற்கு வைத்தியம்?

வலி வந்தபிறகு வந்தால் வைத்தியத்துக்கு அதிகம் மிச்சம் இருக்காது. பல் ஆட்டம், பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி, முன்பல் மெல்ல வெளியே தள்ளுவது, காலையில் வாயில் ஒரு கெட்ட சுவை, எதிரே நிற்பவர் சற்று விலகிப் பேசுவது: இவையெல்லாம் வலிக்கு முன்னால் வரும். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பல் விழுந்தது. எங்கள் வம்சமே அப்படித்தான். செய்ய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் கடலுக்கு அக்கரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதே ஹரால்ட் லோ 1970ஆம் ஆண்டு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். 1985 வரை, 15 ஆண்டுகள், திரும்பத் திரும்பப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் காரை இருந்தது, எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் எல்லோரும் பல்லை ஒரே வேகத்தில் இழக்கவில்லை. ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு நோய் விரைந்து பரவியது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது. 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. 35 வயதில், முதல் கூட்டத்தாருக்குப் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது. கடைசிக் கூட்டத்தாருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களில் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனவர்கள்தான். அதனால் இந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு அது வேற்று நாட்டுக் கணக்காகத் தெரிவதில்லை. பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்று இதில் தோன்றுகிறது. ஒரே மாதிரி அழுக்கு, ஒரே மாதிரி உழைப்பு, ஆனாலும் வெவ்வேறு முடிவு. உங்கள் அப்பா அந்த 8 சதவீதத்தில் இருந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வந்து காட்ட வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பதல்ல. இருபது வயதில் கடைவாய்ப் பல்லோ முன்பல்லோ ஆடினால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கேலிங் செய்து காரையை எடுத்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே?

சென்ற ஆண்டு பெரியபட்டினம் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தார். "கீழ்ப்பல் உடைந்து விழுந்துவிட்டது, ஒட்டித் தாருங்கள்." பிரித்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் குழிந்து, மூன்று பல்லின் அச்சு அதில் பதிந்திருந்தது. அது பல்லல்ல, காரை. வாயில் பார்த்தால் பற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவருடைய நாக்கு அத்தனை ஆண்டுகளாக அந்தக் காரையைத்தான் பல் என்று நம்பிக்கொண்டிருந்தது.

வதந்தி பிறப்பது இங்கேதான். காரை பற்களுக்கு நடுவே சிமெண்ட் பூசியதுபோல் அடைத்திருக்கும். அதை எடுத்ததும், எலும்பு கரைந்து உண்டான இடைவெளி வெளியே தெரிகிறது. ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல் காரையின் முட்டுக்கொடுப்பில் நின்றிருந்தால், அது போனதும் ஆட்டமும் தெரியும். வீங்கியிருந்த ஈறு வற்றும்போது பல் நீண்டுவிட்டதுபோலவும் இருக்கும். நோய் முன்பே செய்து வைத்ததை ஸ்கேலிங் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கருவியின் நுனி நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே காரையைப் பெயர்க்கிறது. பல்லை அது அரைப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நாட்கள் கூச்சம் இருக்கும், அது உண்மை.

முழு வைத்தியத்துக்கு எத்தனை தடவை வர வேண்டும்? கடலுக்குப் போகிறவனுக்கு ஏது நேரம்?

வெறும் ஈறு அழற்சி என்றால் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு. பை உண்டாகியிருந்தால் வேறு கணக்கு. முதல் நாள் அளவெடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு மேலுள்ள காரையை நீக்கி, துலக்கும் முறையைச் சொல்லித் தருவேன். அடுத்த இரண்டு மூன்று வருகைகளில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ஈறுகள் ஆறுவதற்கு விட்டு, மறுபடி அதே கம்பியால் அளப்போம். பெரும்பாலான இடங்களில் ஆறு நான்காகவும், ஐந்து மூன்றாகவும் குறைந்திருக்கும். குறையாமல் கசிந்துகொண்டே இருக்கும் ஆழமான பைகளுக்குத்தான் அறுவை சிகிச்சை. ஈறைச் சிறிது திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தையல் போடுவோம். சில வகைக் குழிகளில் எலும்புத்தூள் வைத்து நிரப்பவும் முடியும், எல்லாவற்றிலும் முடியாது.

நேரத்துக்கு என் யோசனை ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிப்பது அந்த நாட்களில்தானே? ஏப்ரல் மூன்றாம் வாரம் வந்தால், சுத்தம் செய்து, ஆற விட்டு, மறு அளவெடுப்பு வரைக்கும் தடைக்காலத்துக்குள் முடித்துவிடலாம். எங்கள் மருத்துவமனையில் மே மாதம் வாசல் வரை செருப்பு கிடப்பது இதனால்தான். ஆனால் பலர் ஜூன் இரண்டாம் வாரம் வந்து நிற்கிறார்கள், படகு இறக்குவதற்கு இரண்டு நாள் முன்னால். அப்போது நான் என்ன செய்ய?

அதன்பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுண்டிவிடும். ஒருமுறை பயோரியா வந்த வாயில் கிருமிகள் சில மாதங்களிலேயே பழையபடி குடியேறப் பார்க்கும். வைத்தியம் முடித்தேன் என்று போய்விட்டு ஐந்து ஆண்டு கழித்து வருபவரிடம் பழைய அட்டையை எடுத்துக் காட்டுவேன். எண்கள் மட்டும் திரும்ப வந்திருக்கும். சில சமயம் பல் இருக்காது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமியை எதிர்க்கும் திறன் குறைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, ஈறு நோய் வேகமாக எலும்பைக் கரைக்கிறது. இது பலருக்குத் தெரியும். மறுபக்கம்தான் தெரியாது. ஈறுகளில் உள்ள அழற்சி, உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதாவது வாயில் பயோரியாவை வைத்துக்கொண்டு எவ்வளவு மாத்திரை போட்டாலும் சர்க்கரை இறங்க மறுக்கலாம். ஈறுகளுக்கு முறையாக வைத்தியம் செய்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியலாம். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு அது அதிகம் பின்தங்கியதில்லை.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மாத்திரை தரும் பணியாளரிடம் "ஈறுகளில் ரத்தம் வருகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்; எங்கே காட்ட வேண்டும் என்று வழி சொல்வார். பல் மருத்துவரிடம் வரும்போது காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிட்டு வராதீர்கள். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். ஈறுகள் பல்லை மூடிக்கொண்டு வளர்கின்றன. புற்றா?

பயப்பட வேண்டாம். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறுகளை வளரச் செய்யும். காரை இருந்தால் இன்னும் அதிகம் வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டைக் கொண்டு வாருங்கள். உங்கள் மருத்துவரிடம் பேசி வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்போம். காரையை நீக்கினாலே பாதி வற்றிவிடுவதுண்டு.

பீடி குடிப்பவர்களுக்கு ஈறுகளில் ரத்தம் வருவதில்லையே. அது நல்லதுதானே?

இந்த வாதத்தைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் கவனித்துச் சொன்னவர்தான். புகையிலை ஈறின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ரத்தம் வராது, வீக்கம் தெரியாது. எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்ட கதை. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம், வைத்தியத்தின் பலன் குறைவு.

மெல்லும் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கும் இடத்தில் ஈறு பல்லை விட்டுக் கீழே இறங்கிவிடும். வெற்றிலை பாக்கைப் பொறுத்தவரை, வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலையும் சுண்ணாம்பும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் அது பொருந்தும். வாய் திறப்பது குறைந்தாலோ, காரம் பட்டால் கன்னம் எரிந்தாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தாலோ உடனே காட்டுங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சொன்னார்களே. குச்சி போதாதா?

சொன்னவர்கள் சொன்ன வேல், நாட்டுக் கருவேலம். நம் மாவட்டத்தில் கண்மாய், காடு, வேலி என்று எங்கும் நிற்பது சீமைக் கருவேலம்; வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்தது. அவசரத்துக்கு அதை ஒடித்து வாயில் வைப்பவர்களுக்குப் பழமொழி பொறுப்பேற்காது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பள்ளிவாசலுக்குப் போகும் பெரியவர்கள் பலர் சட்டைப் பையில் மிஸ்வாக் வைத்திருப்பார்கள். சங்கப் பாட்டில் உகாய் என்று வரும் மரத்தின் குச்சி அது. நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி இழுத்தால் வெளிப்பக்கம் நன்றாகவே சுத்தமாகிறது. வேப்பங்குச்சிக்கும் இதே பதில்தான். இரண்டுக்கும் எட்டாத இடம் கடைவாய்ப் பல்லின் உட்புறமும், பல்லிடுக்கும். காக்கா (அண்ணன்) ஒருவர் முப்பது ஆண்டாக மிஸ்வாக் மட்டும் பயன்படுத்துபவர்; முன்பற்கள் முத்துப்போல இருந்தன, உட்புறம் முழுவதும் காரை. இப்போது தொழுகைக்கு முன் மிஸ்வாக், இரவு படுக்குமுன் பிரஷ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உப்பும் கரியும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரன். வாலிநோக்கத்தில் விளைகிற உப்பு சமையலுக்கு. கல் உப்பை வைத்துத் தேய்த்தால் ஈறு கிழியும், பல் தேயும். மூட்டம் போட்ட கரி அதைவிட மோசம். பல்லின் மேல்பூச்சை அரிப்பதோடு, கரித்துகள் ஈறுக்குள் புகுந்து கறுப்புக் கோடாகவே தங்கிவிடும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது வேறு. புண்ணாக இருக்கும்போது அது இதம்தான்.

மீன் முள் ஈறில் குத்தி வீங்கிவிட்டது. ஊசியால் எடுக்கலாமா?

கூடாது. காரல், சூடை மாதிரி முள் மீன் சாப்பிடும் ஊரில் வாரம் ஒருவராவது இப்படி வருகிறார். கொப்பளித்துப் பாருங்கள், பல்லிடுக்கு நூல் இருந்தால் அதை மெதுவாக இறக்கி இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். ஊசி குத்துவதில் முள் இன்னும் உள்ளே போகும், துருவும் கிருமியும் கூடவே போகும். ஒரே இடத்தில் அடிக்கடி முள் மாட்டுகிறது என்றால் குற்றம் மீனிடம் இல்லை. அங்கே பை உண்டாகியிருக்கும்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பம். ஈறுகளில் ரத்தம் வருகிறது. இப்போது பல் வைத்தியம் செய்யலாமா?

செய்யலாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை உட்கார்ந்து வைத்தியம் செய்துகொள்ள வசதியான காலம். கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால், சிறிது படலம் இருந்தாலும் ஈறு அதிகமாக உப்பும். சிலருக்குப் பல்லிடுக்கில் சிவப்பாக ஒரு சதைக் கட்டி முளைக்கும். புற்றல்ல, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். காரை எடுப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி எடுத்தால் உடனே துலக்காமல், வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்கச் சொல்லுங்கள்.

நோன்பு நாளில் வரலாமா?

அவசரம் இல்லாதவற்றை நோன்பு திறந்தபின், இரவில் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் நானும் தாமதமாகத்தான் கதவைச் சாத்துவேன். மார்க்கச் சந்தேகத்தை ஆலிமிடம் கேளுங்கள். வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன், வீக்கம் வற்றிவிட்டது. இன்னும் எதற்கு வர வேண்டும்?

காரையும் அதன்மேல் ஒட்டிய படலமும் மாத்திரையால் கரைவதில்லை. கிருமி கொஞ்சம் அடங்கும், வீக்கம் வற்றும், இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்கும். இப்படி நான்கு முறை ஆன பல்லில் எலும்பு மிஞ்சாது. மெட்ரோனிடசோல் போட்டுக்கொண்டு மது அருந்துவது ஆபத்து என்பதைக் கடையில் பலர் சொல்வதில்லை. வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது; ஈறு வெந்து வெள்ளையாகிவிடும், மாத்திரை விழுங்குவதற்கு.

முகம் வீங்கி, காய்ச்சல் அடித்து, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் எந்த நேரமானாலும் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலை அது.

எப்படித் துலக்க வேண்டும் என்று ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுங்கள்.

மென்மையான பிரஷ். அதைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் வைத்து, இருந்த இடத்திலேயே சிறிதாக அசைத்து, பிறகு பல் நுனியை நோக்கி இழுக்க வேண்டும். தரை தேய்ப்பதுபோல் குறுக்கே இழுத்தால் பல்லின் கழுத்துப் பகுதியில் பள்ளம் விழும். எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியும்படி ஒரு வரிசை வைத்துக்கொண்டால் எந்தப் பல்லும் விட்டுப்போகாது. இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்பவர்களிடம் காலையை விட்டுவிடுங்கள், இரவை விடாதீர்கள் என்பேன். தூங்கும்போது எச்சில் குறைகிறது, கிருமிக்குக் கொண்டாட்டம்.

பிரஷ் பல்லின் இடுக்குக்குள் போகாது, ஈறு நோயோ பெரும்பாலும் இடுக்கில்தான் தொடங்குகிறது. நெருக்கமான பற்களுக்கு நூல். இடைவெளி விழுந்தவர்களுக்குப் புட்டி கழுவும் பிரஷ்ஷைச் சிறிதாக்கியதுபோல் ஒரு இடுக்கு பிரஷ் கிடைக்கிறது; மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். வலையில் கிழிசல் தைக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரை நான் எழுதிக்கொடுத்தால் இரண்டு வாரம் மட்டும் பயன்படுத்துங்கள், பற்பசைக்கும் அதற்கும் அரை மணி நேர இடைவெளி விட்டு. மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், நாக்கில் சுவை மாறும். எண்ணெய் கொப்பளிப்பது உங்கள் விருப்பம். துலக்குவதற்குப் பதிலாக அது ஆகாது.

அரசு மருத்துவமனையில் இந்த வைத்தியம் கிடைக்குமா?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டலாம். அறுவை சிகிச்சைக்கு ஈறு நோய் நிபுணர் தேவைப்பட்டால், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால்தான் மதியத்துக்குள் திரும்ப முடியும்.

ஆடுகிற பல்லை எடுத்துவிட்டால் கண் பார்வை போகுமா?

போகாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்த வயதில் கண்புரையும் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஆடுகிற பல் எல்லாமே எடுக்க வேண்டிய பல்லுமல்ல. அழற்சி வற்றினால் லேசான ஆட்டம் தானே நிற்கும். மேலும் கீழும் அமுங்குகிற அளவுக்கு ஆடினால் மட்டும் எடுப்பதைப் பற்றிப் பேசுவேன்.

பல் செட் கட்டுவதற்கு வாயில் அச்சு எடுக்க வேண்டும். தூளைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தினால் சில நிமிடங்களில் ரப்பர்போல் இறுகிவிடும். ஆல்ஜினேட் என்று பெயர். பழுப்புப் பாசி இனங்களிலிருந்து எடுப்பது. நம் பெண்கள் கட்டக்கோரை என்று அள்ளி வந்து காயப்போடுகிறார்களே, அந்த இனம்தான். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் அம்மா ஒருவருக்குக் கீழ்ப்பல் நான்கும் போய்விட்டது. அச்சுத் தட்டை வெளியே எடுத்தபின் இதைச் சொன்னேன். தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். புதினா வாசனை. விரலால் அமுக்கிப் பார்த்தார். "கிலோவுக்கு என்ன தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும் டாக்டர். நீங்கள் பல் செட்டுக்கு எவ்வளவு கேட்டீர்கள்?" என்றார். அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.